மாமாவுக்குக் காது மந்தமா? மறைக்காமல் சொல்லுங்கள்!

"சூடுதான் டாக்டர். வெயில்ல பூரா கிரிக்கெட் ஆடிட்டு வர்றான். நீர்முள்ளிக் குடிநீர் குடுத்தா சரியாயிடாதா?"

ஒன்பது வயதுப் பேரனை அழைத்து வந்த பாட்டி இப்படித்தான் ஆரம்பித்தார். பையனுக்குச் சளி, காய்ச்சல் என்று வந்தால் போதும், சிறுநீர் கோலா நிறத்தில் போகிறதாம். மூன்று நாளில் தானே தெளிந்துவிடுமாம். ஒரே வருடத்தில் மூன்று தடவை.

"வீட்டில் யாருக்காவது சின்ன வயதிலேயே கிட்னி பழுதாகியிருக்கிறதா? காது மந்தம் உண்டா?" என்று கேட்டேன்.

"எங்க வம்சத்துல அப்படியெல்லாம் ஒண்ணும் கிடையாது" என்று பட்டென்று சொன்னார் பாட்டி. பக்கத்தில் நின்ற மருமகள் வாயே திறக்கவில்லை. மாமியார் வெளியே போனதும்தான் மெல்லச் சொன்னார்: "எங்க அண்ணனுக்குக் காது சரியா கேக்காது சார். இருபத்துமூணு வயசுல கிட்னி போய்த்தான் தவறிட்டார். எனக்குக் கல்யாணப் பேச்சு வந்தப்போ மஞ்சக்காமாலைன்னு சொல்லிட்டாங்க. இவங்க யாருக்கும் தெரியாது."

அந்த நாலு வரிதான் பையனுக்கு வேண்டிய முதல் மருந்து.

சிறுநீரில் ரத்தம் போகக் காரணங்கள் பல. ஆனால் தாய்மாமனுக்குக் காது மந்தமும் இளவயதில் சிறுநீரகப் பழுதும் இருந்தது என்றால், எந்த மருத்துவருக்கும் முதலில் நினைவு வர வேண்டியது ஆல்போர்ட் நோய். 1927ல் ஆல்போர்ட் என்ற டாக்டர், ஒரு பிரிட்டிஷ் குடும்பத்தில் சிறுநீரில் ரத்தமும் காது மந்தமும் தலைமுறை தலைமுறையாகச் சேர்ந்தே வருவதை எழுதி வைத்தார். ஆண்களை அது கடுமையாகத் தாக்கியதையும் கவனித்தார்.

சிறுநீரகத்தின் வடிகட்டிச் சவ்வு, 'கொலாஜன் 4' என்ற புரதத்தால் நெய்த துணி மாதிரி. உள்காதிலும் கண்ணிலும் அதே நூல்தான். அதை நெய்யும் மரபணுவில் பிழை வந்தால் துணி நைந்து ரத்தம் கசிகிறது. பெரும்பாலான குடும்பங்களில் இந்தப் பிழை எக்ஸ் குரோமோசோமில் இருக்கிறது. பெண்ணுக்கு எக்ஸ் இரண்டு. ஒன்று பழுதானாலும் மற்றது ஓரளவு தாங்கும். ஆணுக்கு ஒன்றே ஒன்று. அதனால்தான் மாமாவைத் தாக்கியது மருமகனைத் தேடி வருகிறது.

இதில் அம்மா செய்த குற்றம் என்ன? ஒன்றுமில்லை. குடும்பத்தில் யாருக்கும் இல்லாமல் புதிதாகக்கூட இந்தப் பிழை தோன்றலாம். ஆனால் அம்மாவும் தன்னைப் பரிசோதித்துக்கொள்ள வேண்டும். கண்ணுக்குத் தெரியாத ரத்தம் அவர் சிறுநீரிலும் இருக்கலாம். பிற்காலத்தில் அவருக்கும் சிறுநீரகம் பழுதாகலாம். "என் கிட்னியை எடுத்துக்கோங்க" என்று எல்லா அம்மாவும் சொல்வார்கள். இந்த நோயில் அதற்கு முன் தீர யோசிக்க வேண்டும்.

"தெரிஞ்சு என்ன ஆகப் போகுது, விதிதானே" என்பவர்களிடம்தான் எனக்குக் கோபம். ராமிப்ரில் போன்ற மாத்திரைகளைச் சீக்கிரம் ஆரம்பித்தால், டயாலிசிஸ் தேவைப்படும் காலத்தை வருடக்கணக்கில் தள்ளிப்போட முடிகிறது. 'கவனக்குறைவு' என்று வகுப்பில் திட்டு வாங்கும் பிள்ளைக்குக் காது சோதனை செய்து கருவி பொருத்தலாம். மறைத்தால் அந்த வருடங்கள் பாழ்.

எங்கள் எண்வகைத் தேர்வில் மூத்திரமும் ஒன்று. நிறம், நுரை, எடை, மணம் எல்லாம் பார்க்கச் சொல்லிக் கொடுத்துத்தான் எங்களை அனுப்பினார்கள். ஆனால் மரபணுவில் உள்ள எழுத்துப்பிழையை நீர்முள்ளி திருத்தாது. திருத்துவேன் என்று சொல்பவர் எங்கள் ஆளாகவே இருந்தாலும் நம்பாதீர்கள். பெயர் தெரியாத பற்பமும் செந்தூரமும் பழுதான சிறுநீரகத்தை இன்னும் கெடுத்துவிடும்.

காலையில் முகம் வீங்கி, சிறுநீர் நுரைத்துப் போகும் 'நெஃப்ராட்டிக்' பிள்ளைகள் விஷயம் வேறு. பெரும்பாலோர் ஸ்டீராய்டில் தெளிந்துவிடுவார்கள். தெளியாதவர்களில் சிலருக்குக் காரணம் மரபணு. 2015ல் வெளியான ஆய்வில், இப்படிப்பட்ட 1,783 குடும்பங்களில் ஏறக்குறைய 30 சதவீதத்தில் ஒற்றை மரபணுப் பிழை தெரிந்தது. அது தெரிந்தால் பலன் தராத ஸ்டீராய்டை நிறுத்தலாம். நிறுத்த வேண்டியவர் உங்கள் டாக்டர், நீங்களாக நிறுத்தாதீர்கள்.

இந்த வகையில் பல, அப்பா அம்மா இருவரிடமும் ஒரே பிழை ஒளிந்திருந்தால்தான் வரும். அப்போது ஒவ்வொரு பிரசவத்திலும் நாலில் ஒரு வாய்ப்பு. சொந்தத்தில் கட்டினால் ஒரே பிழை இரு பக்கமும் இருக்கும் வாய்ப்பு கூடுகிறது. 2019-21 தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் சொந்தத்துக்குள் நடந்த திருமணங்கள் சுமார் 28 சதவீதம். (என் குடும்பத்திலும் உண்டு; உபதேசம் செய்ய எனக்கு வாய் இல்லை.) அப்படிக் கட்டியவர்கள் அதையும் டாக்டரிடம் கூச்சப்படாமல் சொல்லுங்கள்.

பையனைக் குழந்தைகள் சிறுநீரக நிபுணரிடம் அனுப்பினேன். அம்மாவின் சிறுநீரிலும் ரத்தம் இருந்தது. கணவரிடம் அவரே விஷயத்தைச் சொல்லிவிட்டார். வீட்டில் இரண்டு நாள் பேச்சில்லையாம், அப்புறம் சரியாகிவிட்டதாம்.

போன வாரம் வந்தபோது, "என் தங்கச்சிக்கும் நாலு வயசுல பையன் இருக்கான் சார்" என்றார். அவனுக்கும் சிறுநீர் பார்க்கச் சொன்னீர்களா என்று கேட்டேன். தலையைக் குனிந்துகொண்டார். அந்த வீட்டிலும் மஞ்சள்காமாலை என்றுதான் சொல்லி வைத்திருக்கிறார்களாம்.