அந்தக் கேமராவைக் கீழ போடுடா!

போன சனிக்கிழமை ராத்திரி ரூம்ல 'க்ளோவர்ஃபீல்ட்' பார்த்தோம். புதுசா வாங்கின 55 இஞ்ச் டிவிக்குப் பூஜை போட ஒரு பெரிய படம் வேணும்னு பேச்சு வந்தப்போ, "நியூயார்க்கையே ஒரு ராட்சச மிருகம் துவம்சம் பண்ற படம்டா, டிவிக்குன்னே எடுத்தது"ன்னு சிபாரிசு பண்ணினது அடியேன்தான். ஒன்றரை மணி நேரம்கூட ஓடாத படம். அதுக்குள்ள நாலு பேர்கிட்ட நாலு விதமா திட்டு வாங்கியாச்சு.

மதுரைக்காரன் இருபதாவது நிமிஷம் தலையைப் பிடிச்சுக்கிட்டு பால்கனிக்குப் போனவன், படம் முடிஞ்சுதான் உள்ள வந்தான். டெஸ்டிங்ல இருக்கிறவன், "ராத்திரி பூரா ஓடுதே, அது என்ன பேட்டரிடா?"ன்னு டிஃபெக்ட் போட ஆரம்பிச்சுட்டான். மூணாவது ஆளு, "அது எங்கேருந்து வந்துச்சு, ஏன் வந்துச்சு, கடைசியில செத்துச்சா இல்லையா? ஒண்ணுமே சொல்லலையே, காசைத் திருப்பிக் கொடு"ன்னான். காசு கட்டினதே நான்தான் :-( நாலாவது ஆளுக்குப் படம் முழுக்க ஒரே டயலாக்தான்.

"டேய் லூசு, அந்தக் கேமராவைக் கீழ போட்டுட்டு ஓடுடா!"

இந்தப் பதிவு அந்த நாலாவது ஆளுக்காக. கதையோட முடிவு வரைக்கும் பேசப் போறேன். படம் பார்க்காதவங்க இப்பவே அப்பீட் ஆகிக்குங்க.

தெரியாதவங்களுக்கு ஒரு சின்ன முன்கதை. 2007 ஜூலையில் 'டிரான்ஸ்ஃபார்மர்ஸ்' படத்தோட சேர்த்து ஒரு டிரெய்லர் போட்டார்கள். படத்தின் பெயர் கிடையாது. ஒரு பார்ட்டி, வெளியே ஒரு வெடிச் சத்தம், சுதந்திர தேவி சிலையின் தலை தெருவில் வந்து விழுகிறது, கடைசியில் ஒரு தேதி. அவ்வளவுதான். என்ன படம், என்ன மிருகம்னு ஊரே ஆறு மாசம் மண்டையை உடைத்துக் கொண்டது. தயாரிப்பு ஜே.ஜே. ஆப்ராம்ஸ், இயக்கம் மேட் ரீவ்ஸ், எழுதினது ட்ரூ காடர்ட். 2008 ஜனவரி 18ல் ரிலீஸ். சுமார் இரண்டரைக் கோடி டாலரில் எடுத்த படம், முதல் வார இறுதியிலேயே நாலு கோடி டாலர் அள்ளியது. அடுத்த வார இறுதி வசூல்? அதில் மூணில் ஒரு பங்குதான். ஆர்வமாக ஓடி வந்த கூட்டத்தில் பாதிப் பேர் வெளியே போய் என்ன சொல்லியிருப்பார்கள் என்று இதிலிருந்தே தெரியும்.

என்ன சொன்னார்கள்? எங்க ரூம்ல கேட்ட அதே நாலு திட்டுதான். பதினாறு பதினேழு வருஷம் கழிச்சும் வார்த்தைகூட மாறலை.

முதல் திட்டு, தலைசுத்தல். இது நூத்துக்கு நூறு நியாயம். அமெரிக்காவில் சில தியேட்டர்களில் 'இந்தப் படம் பார்த்தால் தலைசுத்தல் வரலாம்'னு வாசலிலேயே நோட்டீஸ் ஒட்டினார்கள். காரணம் ரொம்ப சிம்பிள். கண்ணு 'நாம ஓடிக்கிட்டு இருக்கோம்'னு மூளைக்குச் சொல்லுது. உள்காது 'இல்லையே, சேர்ல சிவனேன்னு உக்காந்திருக்கோமே'ன்னு சொல்லுது. ரெண்டு சென்சாரும் வேற வேற ரீடிங் கொடுத்தா சிஸ்டம் என்ன பண்ணும்? குமட்டும். திரை எவ்வளவு பெருசோ அவ்வளவு பாதிப்பு. நான் முதலில் பார்த்தது லேப்டாப்பில், அதனால் எனக்கு ஒண்ணும் ஆகலை. 55 இஞ்ச்ல போட்டது என் தப்பு. மதுரைக்காரா, மன்னிச்சுக்கோ.

பேட்டரி மேட்டரை விட்டுடலாம். ஊரையே மிதிக்கிற மிருகத்தை நம்பினவன் பேட்டரியை நம்பக் கூடாதா?

மூணாவது, 'ஒண்ணுமே சொல்லலை'. இதில் நான் படத்தின் பக்கம். ஹாலிவுட் மிருகப் படங்களில் எப்பவும் ஒரு விஞ்ஞானி வருவார், ஒரு ராணுவத் தளபதி வருவார், மேப்பில் சிவப்பு விளக்கு எரியும், நமக்கு எல்லாம் விளக்கமா சொல்லிடுவாங்க. இங்கே நாம இருக்கிறது தெருவில் ஓடுறவனோட. அவனுக்குத் தெரிஞ்சதுதான் நமக்கும் தெரியும். பின்னணி இசைகூட இல்லை, மைக்கேல் ஜியாக்கினோவின் இசை கடைசியில் பெயர் ஓடும்போதுதான் வருது. வெள்ளம் வரும்போது எவனாவது வந்து நம்மகிட்ட மேப் காட்டி விளக்கினானா? (வெள்ளத்துக்கு அப்புறம் வர்றேன்.)

எங்க ரூம்ல யாருக்கும் தோணாத அஞ்சாவது கோபம் ஒண்ணு அங்கே இருந்தது. கட்டிடம் சரியுது, தெரு முழுக்கப் புழுதி மேகம் துரத்திக்கிட்டு வருது, ஜனங்க ஒரு கடைக்குள்ள ஓடி ஒளியறாங்க, வெளியே வந்தா எல்லாரும் தலையிலிருந்து கால் வரை சாம்பல். 2001 செப்டம்பர் 11க்கு ஆறு வருஷம் கழிச்சு, அதே மன்ஹாட்டனில், அதே காட்சியை வெச்சு காசு பண்றீங்களான்னு கேட்டார்கள். கேட்க வேண்டிய கேள்விதான். ஆனா மிருகப் படங்களோட ஆதிமூலமே அப்படித்தான். ஜப்பானில் 'காட்ஸில்லா' வந்தது 1954ல். டோக்கியோ குண்டுவீச்சில் எரிஞ்சும் ஹிரோஷிமாவில் அணுகுண்டு விழுந்தும் ஒன்பதே வருஷம் ஆகியிருந்தது. அதே வருஷம் மார்ச்சில்தான் பிகினி தீவு ஹைட்ரஜன் குண்டு சோதனையில் ஒரு ஜப்பானிய மீன்பிடிப் படகு கதிர்வீச்சில் மாட்டியது. நேராகப் பேச முடியாத பயத்தை ரப்பர் சூட்டு போட்ட மிருகத்தை வெச்சுப் பேசினாங்க. அதனால இந்தக் கோபத்தை மதிக்கிறேன், ஆனா ஒத்துக்கலை.

இதில் எனக்கு வேற ஒரு விஷயம் உறுத்தியது. அந்தப் புழுதி மேகம் எப்படி இருக்கும்னு நமக்கெல்லாம் எப்படித் தெரியும்? அன்னிக்கு யாரோ கேமராவைக் கீழ போடாம இருந்ததால்தானே? ஜூல்ஸ் நோடே என்ற பிரெஞ்சுக்காரர் நியூயார்க் தீயணைப்பு வீரர்களைப் பற்றி ஆவணப்படம் எடுத்துக் கொண்டிருந்தவர். முதல் விமானம் மோதியது அவர் கேமராவில் பதிவானது. அப்புறம் வீரர்களோடு அந்தக் கட்டிடத்துக்குள்ளேயே போய் எடுத்துக் கொண்டிருந்தார். 2004 சுனாமி அலை எப்படி வரும்னு உலகத்துக்குத் தெரிஞ்சது கடற்கரை ஹோட்டல் மாடியில் கேமராவோட நின்ன சுற்றுலாப் பயணிகளால. 2020 ஆகஸ்ட்டில் பெய்ரூட் துறைமுகம் வெடிச்சப்போ எத்தனை பேர் பால்கனியில் போனோட நின்னாங்க! அந்த வீடியோக்களில் பல ஒரே மாதிரிதான் முடியும். தூரத்தில் புகை, ஒரு வெளிச்சம், அப்புறம் கேமரா தரையில்.

இப்போ படத்துக்கு வருவோம். கேமரா பிடிக்கிறவன் பேர் ஹட். வெளியூர் கிளம்பும் நண்பனுக்கு எல்லாரும் வாழ்த்து சொல்றதைப் படம் பிடின்னு பார்ட்டியில் அவன் தலையில் கட்டின வேலை. மிருகம் வந்த பிறகும் அவன் நிறுத்தலை. ஏன்டா இன்னும் எடுக்கிறேன்னு கேட்டா, என்ன நடந்துச்சுன்னு நாளைக்கு ஜனங்க தெரிஞ்சுக்க ஆசைப்படுவாங்கங்கிற மாதிரி ஒரு பதில் சொல்றான். 2008ல் தியேட்டரில் சிரிச்சது இதுக்குத்தான். 'எந்த மடையன் இப்படி எடுப்பான்?'

சுதந்திர தேவியின் தலை தெருவில் விழுந்து கிடக்கிற காட்சியைத் திரும்பப் போட்டுப் பாருங்க. சுத்தி நிக்கிற ஜனங்க என்ன பண்றாங்க? செல்போனை எடுத்து போட்டோ பிடிக்கிறாங்க. முதல் ஐபோன் வந்தது 2007 ஜூன் கடைசியில். அதே சமயத்தில் எடுத்த படத்தில் இதை வெச்சிருக்காங்க. இன்னிக்குப் பார்க்கிறப்போ மொத்தப் படத்திலும் துளிகூட மிகை இல்லாத ஷாட் அதுதான்.

சரி, வெள்ளம்.

காலேஜ் முதல் வருஷம், 2015ல் ஹாஸ்டல்ல இந்தப் படத்தைப் பார்த்தப்போ நானும் "கேமராவைக் கீழ போடுடா"ன்னு கத்தின கோஷ்டிதான். ரெண்டு மூணு மாசத்துல டிசம்பர் 1 வந்தது. மழைக்கு லீவு விட்டு வீட்டில் இருந்தேன். வீடு முடிச்சூர். சொன்னாப் போதும், சென்னைக்காரங்களுக்குப் புரியும். ராத்திரி கரண்ட் போச்சு. வாசல்படியில் இருந்த தண்ணி ஹாலுக்கு வந்தது, ஹாலில் இருந்து கட்டில் உயரத்துக்கு வந்தது. அப்பாவும் அம்மாவும் அரிசி, சர்டிஃபிகேட் ஃபைல், பாட்டியோட மாத்திரை டப்பான்னு ஒண்ணொண்ணா மாடிக்கு ஏத்திக்கிட்டு இருந்தாங்க. நான் மாடிப்படி நாலாவது படியில் நின்னு போனில் வீடியோ எடுத்துக்கிட்டு இருந்தேன்.

அந்த வீடியோ இன்னும் இருக்கு. நாலு நிமிஷம் சொச்சம். ஃப்ரிட்ஜ் மெதுவா சாஞ்சு மிதக்குது. அப்பா குரல் கேட்குது, "தம்பி, அதை வெச்சுட்டு இந்த மூட்டையை ஒரு கை பிடிப்பா." அதுக்கு என் குரல், "ஒரு நிமிஷம்பா."

ஒரு நிமிஷம் இல்லை. அதுக்கப்புறமும் ரெண்டு நிமிஷத்துக்கு மேல ஓடுது. அப்பா தனியா அந்த மூட்டையைத் தூக்கிட்டு என்னைத் தாண்டி மேல போறார். மூச்சு வாங்குற சத்தம் மைக்கில் தெளிவா பதிவாகியிருக்கு.

ஏன் எடுத்தேன்? பல தடவை யோசிச்சிருக்கேன். லைக்கு வாங்கறதுக்கு இல்லை, அன்னிக்கு நெட்வொர்க்கே கிடையாது. கையில் போன் இருக்கிற வரைக்கும், அந்தச் சின்னத் திரையில் நடக்கிறது வேற யார் வீட்டிலோ நடக்கிற மாதிரி இருந்தது. போனைக் கீழே இறக்கினா அது எங்க வீடு. ஹட்டும் அதைத்தான் பண்றான்னு நினைக்கிறேன். அவன் தைரியசாலியும் இல்லை, மடையனும் இல்லை. கேமராவுக்குப் பின்னாடி நிக்கிற வரைக்கும் அவனும் நம்மளை மாதிரி ஒரு பார்வையாளன். பயப்படுறவனுக்கு அதைவிடப் பாதுகாப்பான இடம் வேற கிடையாது.

ஆனா படம் அவனை அப்படியே விடலை. ஹெலிகாப்டர் விழுந்து, சென்ட்ரல் பார்க்கில் எல்லாரும் தப்பிச்சு ஓடும்போது ஹட் கேமராவை எடுக்கத் திரும்பி வர்றான். அங்கேதான் மிருகம் அவனைப் பிடிக்குது. கேமரா புல்லில் விழுந்து கிடக்கு. எடுக்க ஆளில்லாம அதுவே ஃபோகஸ் தேடிக்கிட்டு இருக்கு, எதிரில் அவன் முகம். 'கேமராவைக் கீழ போடுடா'ன்னு கத்தினவங்களுக்குப் படத்துக்குள்ளேயே பதில் இருக்கு. நாம கேட்டதேதான். கீழே போடாதவன் செத்தான்.

அதே சமயம் அவன் சொன்னதும் பொய் இல்லை. அவங்க கதை நமக்குத் தெரிஞ்சது அந்தக் கேமரா கிடைச்சதாலதான். எங்க பழைய வீடு எப்படி இருந்ததுன்னு காட்ட இன்னிக்கு எங்ககிட்ட இருக்கிறதும் அந்த நாலு நிமிஷம்தான். போட்டோ ஆல்பம் எல்லாம் தண்ணியோட போச்சு. அம்மா அப்பப்போ அதைக் கேட்டு வாங்கிப் பார்ப்பாங்க, ஹால் சுவத்தில் தாத்தா படம் தெரியுதேன்னு. அப்பா ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை. அவர் அதைப் பத்திப் பேசினதும் இல்லை, நான் மன்னிப்பு கேட்டதும் இல்லை.

அதனால என் கட்சி இதுதான் மக்களே. இந்தப் படத்தைத் தலைசுத்தலுக்காகத் திட்டுங்க, பேட்டரிக்காகக்கூடத் திட்டுங்க. 'எவனும் இப்படி எடுக்க மாட்டான்'னு மட்டும் திட்டாதீங்க. எல்லாரும் எடுக்கிறோம். எடுக்கலாமா கூடாதாங்கிறதுக்கு என்கிட்ட பதில் இல்லை. பக்கத்தில் ஒருத்தர் 'ஒரு கை பிடி'ன்னு கேட்கிறாரான்னு காதைத் தீட்டிக்கிட்டு எடுக்கணும், கேட்டா போனை வெச்சுடணும். எனக்குத் தெரிஞ்சது அவ்வளவுதான், அதுவும் லேட்டாத் தெரிஞ்சது.

படம் முடிஞ்சதும் நாலாவது ஆளுகிட்ட அந்த வீடியோவைக் காட்டினேன். பார்த்துட்டுப் போனைத் திருப்பிக் கொடுத்தான். ரொம்ப நேரம் ஒண்ணும் சொல்லலை. அப்புறம், "ஊருக்குப் போறப்ப அந்த 'ஒரு நிமிஷம்பா'வை அப்பாகிட்டப் பேசி முடிச்சுடுடா"ன்னான்.

வர்ற வெள்ளிக்கிழமை டிக்கெட் போட்டிருக்கேன்.

டிஸ்கி: பார்க்கப் போறவங்க ரூம் லைட்டை அணைக்காதீங்க, டிவிக்குக் கொஞ்சம் தள்ளி உக்காருங்க, சாப்பிட்ட உடனே பார்க்காதீங்க. மதுரைக்காரன் அனுபவத்தில் சொன்னது :-)