எடைக்குக் காரணம் வைட்டமின் டி அல்ல

திருச்சி தில்லைநகர் ஆய்வுக்கூடங்களில் ‘முழு உடல் பரிசோதனை’ செய்துகொள்பவர்களின் தாளில், வைட்டமின் டி என்ற வரியில் 12, 14 என்று இருப்பது இப்போது யாருக்கும் புதிதில்லை. 20-க்குக் கீழே போனால் பற்றாக்குறை. எடை கூடியவர்கள் அந்த எண்ணைப் பார்த்ததும், “ஓ, இதனால்தான் உடம்பு குறையவில்லையா?” என்று கேட்கிறார்கள். இரண்டுக்கும் தொடர்பு உண்டு. ஆனால் அவர்கள் நினைப்பதற்கு நேர்மாறான திசையில்.

வைட்டமின் டி கொழுப்பில் கரைவது. தோலில் வெயில் பட்டு உண்டானதும் ஒரு பங்கு கொழுப்புத் திசுவுக்குள் போய்விடும். கல்லீரலுக்குப் போய் வடிவம் மாறும் பங்கைத்தான் பரிசோதனை அளக்கிறது. அமெரிக்காவில் 2000-இல் வெளியான ஓர் ஆய்வில், பருமனானவர்களுக்கும் மற்றவர்களுக்கும் ஒரே மாதிரி புற ஊதா ஒளி கொடுத்தார்கள். தோலின் மூலப்பொருளில் வித்தியாசமில்லை. ஆனால் பருமனானவர்களின் ரத்தத்தில் ஏறிய வைட்டமின் 57 சதவீதம் குறைவு. மேட்டூரில் திறந்த காவிரித் தண்ணீர் முக்கொம்பில் கொள்ளிடத்துக்குப் பிரிந்துவிட்டால், அம்மா மண்டபத்துப் படித்துறையில் குறைவாகத்தான் தெரியும். மேட்டூரைக் குறை சொல்லிப் பயனில்லை. கொழுப்பு பிடித்து வைத்துக்கொள்கிறதா, உடம்பு பெரிதாக இருப்பதால் பரவிக் குறைகிறதா என்ற வழக்கு ஆய்வாளர்களிடையே இன்னும் தீரவில்லை.

எது முந்தி என்ற கேள்விக்கு மரபணுக்கள் வழியே விடை தேடினார்கள். சென்னையில் நீரிழிவு மரபணு ஆய்வுகளில் பங்கேற்ற விமலேஸ்வரன் முதன்மை ஆசிரியராக 2013-இல் வெளியிட்ட ஆய்வு, 42,000 பேருக்கு மேல் அலசியது. எடை கூடினால் டி குறைகிறது. டி குறைவதால் எடை கூடுவதற்குச் சான்று கிடைக்கவில்லை.

“நான் ஒல்லிதானே” என்று யாரும் நிம்மதியடைய வேண்டாம். புனே மருத்துவர் யாக்னிக்கும் லண்டன் மருத்துவர் யூட்கினும் 2004-இல் தங்கள் உடம்பையே அளந்து காட்டினார்கள். இருவருக்கும் உடல் நிறை குறியீடு 22.3. உடலில் கொழுப்போ, யூட்கினுக்கு 9.1 சதவீதம், யாக்னிக்குக்கு 21.2. சட்டைக்குள் தொந்தி மட்டும் தள்ளிய நம் ஊர் ‘ஒல்லி’களை நினைத்துக்கொள்ளுங்கள்.

கொழுப்பின் மேல் மட்டும் பழி போடுவதும் சரியல்ல. விடியற்காலை சித்திரை வீதியைச் சுற்றி நடப்பது இதயத்துக்கு நல்லது, வைட்டமினுக்குப் பெரிதாக உதவாது. சாய்ந்த வெயிலில் வேண்டிய புற ஊதாக் கதிர் மிகக் குறைவு. திருப்பதியில் ஹரிநாராயண் குழு செய்த சோதனையில் 11 மணிக்கும் 2 மணிக்கும் இடையில்தான் வைட்டமின் உற்பத்தி உச்சத்தில் இருந்தது. அந்த நேரத்தில் திருச்சியில் யார் வெளியே நிற்பார்கள்? கை, முகத்தில் மட்டும் வெயில் படும்படி சில நிமிடங்கள் என்றால் முடியும்.

மருந்துக்கு வருவோம். 2011-இன் அமெரிக்க நாளமில்லாச் சுரப்பியியல் சங்க வழிகாட்டுதல், குறைபாடுள்ள பருமனானவர்களுக்கு மற்றவர்களைவிட இரண்டு, மூன்று மடங்கு அளவு தேவைப்படலாம் என்றது. ஆகவே பக்கத்து வீட்டம்மாவுக்கு எழுதிய சீட்டு உங்களுக்குப் பொருந்தாது. வாரம் ஒன்று என்று தரும் 60,000 யூனிட் பாக்கெட்டை, வாரக்கணக்கு முடிந்த பிறகும் மருந்துக்கடையில் தாங்களாகவே வாங்கித் தொடர்பவர்கள் நிறைய. கொழுப்பில் சேர்ந்தது சீக்கிரம் வெளியேறாது. அளவு மீறினால் ரத்தத்தில் கால்சியம் ஏறி வாந்தி, தாகம், சிறுநீரகக் கோளாறு வரும். பாக்கெட்டை நிறுத்தினாலும் தொல்லை வாரக்கணக்கில் நீடிக்கும்.