டாம்பரை மாற்றினால் போதுமா?

வெளிநாட்டில் வேனையே வீடாக்கி, அடுப்பும் படுக்கையுமாக ஊர் சுற்றுகிறார்களே, அந்த வண்டியைப் பற்றித்தான் பேச வந்தேன். 1950-இல் ஜெர்மனியில் பிறந்து, பிரேசிலில் 2013 வரை தயாரான ஃபோக்ஸ்வேகன் வேன் பலருக்கு அப்படித்தான் வீடானது.

அதில் ஸ்டியரிங் டாம்பர் உண்டு. படுக்க வைத்த ஷாக் அப்சார்பர்தான், வேறொன்றுமில்லை. சக்கரத்தின் உதறலை உள்ளிருக்கும் எண்ணெய் வாங்கிக்கொள்ளும். எண்ணெய் கசிந்தால் போச்சு, ஸ்டியரிங் கையில் டான்ஸ் ஆடும்!

மாற்றுவது பெரிய வித்தையா? முனைக்கொரு போல்ட். துருவில் முந்தின ராத்திரியே எண்ணெய் விட்டால் பாதி வேலை முடிந்தது. கழற்றியதைக் கையால் இழுத்து அமுக்கிப் பாருங்கள். நடுவில் எங்காவது 'லொடக்'கென்று லேசாகப் போனால் அதன் ஆயுசு முடிந்தது. இதை நாமே செய்யலாம், செய்யணும்.

ஆனால் என் சண்டை வேறு. டை ராட் எண்ட் தேய்ந்திருக்கும்போது புது டாம்பர் போட்டால் உதறல் அடங்கும், நோய் அடங்காது. அது ஓடும்போது கழன்றால்? உள்ளே இருப்பது ஒரு குடும்பமய்யா! (வைவாவில் இதைக் கேட்டபோது பாதிப்பேர் கூரையைப் பார்த்தோம்.) ஆகவே முதலில் வண்டியை ஜாக்கியில் தூக்கி, ஸ்டாண்டு கொடுத்து, முன்சக்கரத்தை இரு கையாலும் ஆட்டிப் பாருங்கள். ஆட்டம் இருந்தால் புது டாம்பர் பெட்டியிலேயே இருக்கட்டும்.