காப்புறுதிப் பணத்தில் பிள்ளையின் பங்கு

தந்தை உயிரோடிருக்கவும் தாபரிப்பின்றி வாடும் சிறுவர்கள் சிலாபந் தொடக்கம் கற்பிட்டி வரையுள்ள நம் கரையோரத்துக்குப் புதியவரல்லர். நீதவானின் கட்டளை கையிலிருந்தும், நிலுவை மாதந்தோறும் ஏறுகிறது. கைப்பிள்ளையுடன் பஸ்ஸேறி மன்றுக்கு வரும் தாய், பணம் கட்டப்படவில்லை என்ற விடையோடு திரும்புகிறாள். கட்டளை பெறுவதிலும் பார்க்க அதனை நிறைவேற்றுவிப்பதே அரிதாய் விட்டது.

சட்டம் இல்லையென்று எவரும் சொல்லார். 1889ஆம் ஆண்டின் பழைய கட்டளைச் சட்டத்தின் இடத்தில், 1999ஆம் ஆண்டின் 37ஆம் இலக்கப் பராமரிப்புச் சட்டம் வந்தது. முஸ்லிம் குடும்பங்களின் வழக்குகள் 1951ஆம் ஆண்டின் சட்டப்படி காதியார் முன் செல்கின்றன. அவர் விதித்த தொகையும் செலுத்தப்படாவிடில், அபராதம் போல அறவிடுவதற்கு நீதவானிடமே வந்து சேர்கிறது. கடனாளி சம்பளக்காரனாயின், சம்பளத்திலிருந்தே கழிக்குமாறு முதலாளிக்குக் கட்டளையிடலாம். எழுதுவினைஞரின் பிள்ளைக்கு இது போதிய காவலே.

ஆனால் உடப்பிலே கரைவலை இழுப்பவனுக்குச் சம்பளம் ஏது? அவனுக்குப் பங்கு உண்டு, அதுவும் மீன்பட்டால்தான். பருவம் மாறினால் வேறு கரையில் வாடி அமைத்துப் போய்விடுவோரும் உளர். கற்பிட்டியில் வெங்காயமும் மிளகாயும் பயிரிடுபவனின் வருமானம் வியாபாரியின் கையிலிருந்து அவன் மடிக்கு நேரே போகிறது. அதனைக் கழித்துத் தர எந்த முதலாளியும் இல்லை. மறியலுக்கு அனுப்பலாமே என்பர். மறியலில் இருப்பவன் கடலுக்குப் போவதெப்படி?

இத்தகையோரது வாழ்விலும் பெருந்தொகையொன்று அலுவலகமொன்றின் வழியாக வரும் வேளையுண்டு. விபத்துக்கான நட்டஈடு, முதிர்ந்த ஆயுட் காப்புறுதி, மூழ்கிய படகுக்கான இழப்பீடு ஆகியன அவை. காசோலை எழுதப்படும் அந்த நாளை மன்று அறியாது, தாயும் அறியாள். குத்தகைக்கு எடுத்த முச்சக்கரவண்டி முற்றாய் அழிந்தால் காப்புறுதிப் பணம் முதலில் யாரைச் சேர்கிறது? நிதிக் கம்பனியை. அதன் உரிமை முன்னரே பத்திரத்தில் எழுதப்பட்டுவிட்டது. கம்பனியின் கடனுக்குக் கிடைத்த இந்தக் காவல், பெற்ற பிள்ளையின் கடனுக்கு ஏன் கிடைக்கலாகாது என்பதே நமது வினா.

அமெரிக்காவில் இதற்கு வழி கண்டுள்ளனர். தாபரிப்பு நிலுவை வைத்திருப்போரின் விபரங்களைக் காப்புறுதிக் கம்பனிகளின் கோரிக்கைகளோடு ஒப்பிட, 2005ஆம் ஆண்டின் பற்றாக்குறைக் குறைப்புச் சட்டம் மத்திய அரசுக்கு அதிகாரமளித்தது. நியூ ஜேர்சி மாநிலத்தில், வழக்குச் செலவும் வைத்தியச் செலவும் போக எஞ்சும் தொகை 2,000 டொலரைத் தாண்டினால், பணங்கொடுக்குமுன் நிலுவை உண்டா என்று தேடிப் பார்த்தாக வேண்டும்.

அதனை அப்படியே இங்கு நடுதல் தகாது. நம் கரையில் ஒரே பெயருடையோர் பலர். ஆகவே பெயரைக் கொண்டன்றி, தேசிய அடையாள அட்டை இலக்கத்தைக் கொண்டே ஒப்பிட வேண்டும். பணத்தை மறிக்குமுன் அவனுக்கு அறிவித்தல் கொடுத்து, நீதவான் முன் மறுப்புரைக்க இடமளித்தலும் அவசியம்.

பணத்தின் தன்மையையும் பகுத்தறிதல் வேண்டும். உடைந்த எஞ்சினைத் திருத்த வரும் பணத்தைப் பறித்தால் படகு கரையிலேயே கிடக்கும். பிள்ளையின் அடுத்த மாதப் பணமும் அதனோடு கிடக்கும். அதனைத் திருத்துநருக்கே நேரே செலுத்தலாம். பயிரழிவுக்கு ஈடாக வருவது பெரும்பாலும் அடுத்த போகத்தின் விதைக்கே காணாது, அதையும் தொடலாகாது. வைத்தியச் செலவும் அவ்வாறே. ஆனால் இழந்த உழைப்புக்கு ஈடாக வரும் பணம் வேறு. அந்த உழைப்பில் பிள்ளைக்குப் பங்கிருந்தது. ஆகவே ஈட்டிலும் உண்டு. முதிர்ந்த ஆயுட் காப்புறுதிக்கும் இதே நியாயம் பொருந்தும். புதிய படகு வாங்காது கைமாற்றிக் கொள்ளும் படகுப் பணத்துக்கோ சலுகை எதுவும் வேண்டியதில்லை.

இப்படியானால் காப்புறுதி செய்யவே அஞ்சுவர் எனச் சிலர் கூறலாம். மோட்டார் வாகனத்துக்கு மூன்றாந் தரப்புக் காப்புறுதி சட்டப்படி கட்டாயம். கடன் கொடுப்போரும் காப்புறுதியின்றிக் கொடார். இவ்வச்சத்தை நாம் பெரிதாகக் கொள்ளவில்லை.

நீதி அமைச்சு செய்யவேண்டிய முதல் வேலை, மன்றுகளின் கோவைகளில் சிதறிக் கிடக்கும் நிலுவைகளை ஒரே பதிவேட்டில் சேர்ப்பதாகும். அதன்பின், 2000ஆம் ஆண்டின் 43ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் காப்புறுதித் தொழிலைக் கண்காணிக்கும் ஆணைக்குழு, பெருந்தொகை கொடுபடுமுன் அப்பதிவேட்டைப் பார்க்குமாறு கம்பனிகளைப் பணிக்க வகைசெய்யும் திருத்தமொன்று பாராளுமன்றத்தில் வரவேண்டும். புத்தளத்துப் பிரதிநிதிகள் எக்கட்சியினராயினும், இதனைக் கேட்க அவர்களுக்கு என்ன தடை?