எந்த விலங்கு, எந்தக் கேள்விக்கு?

பிறப்புறுப்பு ஹெர்ப்பிஸ் தடுப்பூசி ஒன்று 8,323 பெண்களிடம் சோதிக்கப்பட்டு, 2012இல் வெளியான முடிவில் இரண்டாம் வகை வைரசிடம் தோற்றதைச் சுட்டி, விலங்குச் சோதனையே வீண் என வாதிடுவோர், எந்த விலங்கு, எந்தக் கேள்விக்கு என்பதைக் கேட்கத் தவறுகின்றனர். அத்தடுப்பூசி கினிப்பன்றியில் பலன் தந்திருந்தது என்பது வலுவான மறுப்பே. அதை மழுப்பக் கூடாது. எனினும் அதே ஆய்வில் முதல் வகை வைரசால் வரும் பிறப்புறுப்பு நோய் 58 விழுக்காடு குறைந்ததை அவர்கள் சொல்வதில்லை.

சுண்டெலிக்குப் பொதுவாக ஹார்மோன் ஊசி போட்ட பின்பே யோனிவழித் தொற்று பிடிக்கிறது. பிழைத்தாலும் கொப்புளம் தானாகத் திரும்புவதில்லை. கினிப்பன்றியிலோ, புண் ஆறிய பின் வைரஸ் முதுகுத்தண்டை ஒட்டிய நரம்பணுக் கொத்தான நரம்பு முடிச்சில் ஒடுங்கிக் கிடந்து, பின்னர் சிவந்த சிறு கொப்புளமாக மீண்டும் எழுகிறது. மனித நோயின் சாரமே இந்த மீளெழுச்சிதான். உயிருள்ள மனிதரின் முடிச்சை வெட்டியெடுத்துப் பார்க்க இயலாது.

மதுரை வட்டாரத்தில், இதே வைரஸ் குடும்பத்தின் நோயான அக்கிக்குக் காவி குழைத்து எழுதும் வழக்கம் உண்டு. அக்கி சில வாரங்களில் தானாகவே ஆறக்கூடியது என்பதால், ஆற்றியது காவியா காலமா என்பதை எழுதப்படாத இன்னொரு உடலோடு ஒப்பிட்டே அறிய முடியும். மருந்து பெறாத ஒப்பீட்டு விலங்கின் பணி அதுவே.

இந்தியாவில் 2023இல் திருத்தப்பட்ட புதிய மருந்து விதிகள், விலங்குச் சோதனைக்கு மாற்றாகச் செல் வளர்ப்பையும், உறுப்பின் இயக்கத்தைப் போலச்செய்யும் உறுப்புச் சில்லையும் ஏற்றுள்ளன. நரம்பு, தோல், எதிர்ப்பாற்றல் மூன்றும் சேர்ந்து இயங்கும் மீளெழுச்சியை அவை முழுமையாகக் காட்டும் வரை கினிப்பன்றி தேவைப்படும், அதற்கு வேண்டாத வலி தரக்கூடாதென்ற 1960ஆம் ஆண்டு விலங்கு வதைத் தடுப்புச் சட்டத்தின் கடமையும் நீடிக்கும்.