கண்ணாடிப் பேழைக்குள் பழுதாகும் கேமராக்கள்

இந்தியப் பல்கலைக்கழகங்களில் இதழியல், காட்சித் தொடர்பியல், வரலாறு ஆகிய துறைகள் சிலவற்றில் ஒரு பழைய கேமரா இருக்கும். செங்குத்தான கறுப்புப் பெட்டி. அதன் முகப்பில் ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு வில்லைகள். ரோலைபிளெக்ஸ், ரோலைகார்ட், யாஷிகா, சீகல் என்று பெயர் எதுவாயினும் அதன் இருப்பிடம் பூட்டிய கண்ணாடி அலமாரிதான். விருந்தினர் வந்தால் அதைக் காட்டுவர். மாணவர் கையிலெடுக்கக் கேட்டால் மறுப்பர். இந்த மறுப்புக்குப் பாதுகாப்பு என்று பெயர் சூட்டப்பட்டிருக்கிறது. உண்மையில் இது கருவியையும் கெடுக்கிறது, ஆய்வையும் கெடுக்கிறது.

முதலில் கருவியைப் பார்ப்போம். இரட்டை வில்லைக் கேமராவில் மேல்வில்லை பார்ப்பதற்கு, கீழ்வில்லை படமெடுப்பதற்கு. மேல்வில்லையின் வழி வரும் ஒளி, 45 பாகைச் சாய்வில் அசையாது நிற்கும் ஆடியில் பட்டு, மேலே உள்ள தேய்த்த கண்ணாடியில் விழுகிறது. கீழ்வில்லையின் நடுவே மெல்லிய தகடுகளாலான ஷட்டர் இருக்கிறது. பல்சக்கரங்களும் சுருள்வில்களும் அதன் வேகத்தை ஆள்கின்றன. மின்கலம் இல்லாமலே இயங்குவதால் இக்கருவி ஐம்பது, அறுபது ஆண்டுகள் கழிந்தும் இயங்க வல்லது. ஆனால் ஆண்டுக்கணக்கில் அசைக்காமல் வைத்தால் உள்ளிருக்கும் மசகு இறுகுகிறது. ஒரு நொடிக்கு அமைத்த ஷட்டர் இரண்டு நொடி திறந்திருக்கிறது. சில வேளை மூடாமலே நின்றுவிடுகிறது. குவியம் திருப்பும் குமிழும் கனத்துப்போகிறது. தோலுறைக்குள் இருட்டிலும் பருவமழை ஈரத்திலும் கிடக்கும் வில்லையில் பூஞ்சை படர்ந்து, அதன் மேற்பூச்சை அரிக்கிறது. பின்னர் துடைத்தாலும் அந்த வடு போவதில்லை. அவ்வப்போது இயக்குவதும், காற்றும் வெளிச்சமும் படவிடுவதும், உரிய காலத்தில் பழுது பார்ப்பதும்தான் இக்கருவிக்கு உண்மையான பாதுகாப்பு. பூட்டு அதைச் செய்யாது.

ஆய்வுக்கு நேரும் சேதம் இதனினும் பெரிது. 1929இல் ஜெர்மனியின் பிரவுன்ஷ்வைக் நகரிலிருந்து ரோலைபிளெக்ஸ் வெளிவந்தபின், இவ்வகைக் கேமரா பல பத்தாண்டுகள் உலகெங்கும் செய்தி ஒளிப்படக்காரர்களின் கையில் இருந்தது. இந்தியாவின் முதல் பெண் செய்தி ஒளிப்படக் கலைஞராக அறியப்படும் ஹோமாய் வியாரவாலாவும் அதைப் பயன்படுத்தினார். 1913இல் நவ்சாரியில் பிறந்து, 1942 முதல் தில்லியில் பணியாற்றி, அதிகாரம் கைமாறியதையும் நேரு காலத்துப் பொதுவாழ்வையும் பதிவு செய்தவர் அவர். 2011இல் பத்ம விபூஷண் பெற்றார். அக்காலப் படங்களைக் குறித்து இன்று எழுதப்படும் கட்டுரைகளில் பார்வை, அதிகாரம், தேசக் கட்டமைப்பு ஆகிய சொற்களுக்குக் குறைவில்லை. பார்வை எந்த உயரத்திலிருந்து சென்றது என்ற எளிய கேள்விதான் பலவற்றில் காணக்கிடைப்பதில்லை.

இரட்டை வில்லைக் கேமராவை வழக்கமாக இடுப்பளவிலோ மார்பளவிலோ பிடித்துக் குனிந்து பார்க்க வேண்டும. சமதளத்தில் தொடுவானம் எப்போதும் கேமராவின் உயரத்திலேயே விழும். ஆகவே இடுப்பளவில் பிடித்த கேமராவின் படத்தில், எதிரே நிற்பவரின் இடுப்பருகே தொடுவானம் அமைகிறது. தோளும் தலையும் வானத்தின்மீது எழுகின்றன. இதை அறியாத ஆய்வாளர், தலைவரை உயர்த்திக் காட்டும் அரசியல் நோக்கம் என்று ஒரு பக்கம் எழுதிவிடக்கூடும். நோக்கம் இருந்திருக்கலாம். ஆனால் கருவியின் இயல்பை முதலில் கழித்துப் பார்க்காமல் நோக்கத்தைக் கணக்கிட இயலாது. அதே கேமராவைக் கண்ணளவில் உயர்த்தியும், கூட்டத்தில் தலைக்குமேல் தலைகீழாகப் பிடித்தும் படமெடுக்க முடியும். ஒளிப்படக்காரர் இவற்றுள் எதைத் தேர்ந்தார் என்பதே சான்று. அச்சான்றைப் படிக்கக் கருவியைப் பிடித்துப் பழகிய கண் வேண்டும்.

இன்னும் உண்டு. 120 வகைப் படச்சுருளில் இக்கேமரா தருவது பன்னிரண்டு சதுரப் படங்கள். நாளிதழ்கள் அவற்றைப் பத்தியின் அளவுக்கேற்ப வெட்டின. அச்சான நீள்சதுரத்தை வைத்துக்கொண்டு ஒளிப்படக்காரரின் சட்டக உணர்வைப் பேசுவது, பதிப்பாசிரியர் வெட்டியதை நூலாசிரியர் தலையில் கட்டுவது போன்றது. தேய்த்த கண்ணாடியில் பிம்பம் நிமிர்ந்தே தெரியும். இடமும் வலமும் மட்டும் மாறியிருக்கும். ஓடுபவரைப் பின்தொடர முயல்வோர் முதலில் எதிர்த்திசையில் திரும்புவர். அக்கருவியால் நகரும் ஊர்வலத்தைப் பிடிக்க எவ்வளவு பயிற்சி தேவைப்பட்டது என்பது ஒருமுறை முயன்றவருக்கே புரியும்.

இதற்கு மறுப்புகள் எழும். படச்சுருள் விலை மிகுதி என்பர், அது உண்மையே. உதகமண்டலத்தில் அரசு நிறுவனமான ஹிந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ், இந்து என்ற பெயரில் படச்சுருள் தயாரித்த காலம் முடிந்துவிட்டது. இன்று இறக்குமதியை நம்ப வேண்டியிருக்கிறது. எனினும் ஒரு வகுப்புக்கு ஒரு சுருள் போதும். சுருளே இல்லாமல் தேய்த்த கண்ணாடியில் பார்த்துப் பழகுவதற்குச் செலவே கிடையாது. வேதிக்கழிவு சூழலைக் கெடுக்கும் என்பர். வெள்ளி கலந்த நிலைப்படுத்தும் கரைசலைச் சாக்கடையில் ஊற்றாமல் சேகரித்து ஒப்படைக்க வேண்டும்; வேதியியல் துறை உள்ள வளாகத்தில் இது ஆகாத காரியமன்று. அரிய கருவி உடைந்துவிடும் என்பர். ஹோமாய் கையாண்ட கேமராவே ஒரு துறையிடம் இருந்தால் அதைப் பேழையில் வைப்பது முறை. பெருமளவில் உற்பத்தியாகி விற்ற யாஷிகாவுக்கு அந்தப் புனிதம் தேவையில்லை.

பயன்படுத்துவோர் குறைந்தால் பழுது பார்ப்போரும் குறைவர். கொல்கத்தாவின் மெட்ரோ கலியிலும் தில்லி சாந்தினி சௌக்கின் கேமராச் சந்தையிலும் அமர்ந்திருக்கும் கைவினைஞர்களின் அறிவில் பெரும்பகுதி ஏட்டில் இல்லை. சில ஷட்டர்களில் உச்ச வேகத்தை முறுக்கேற்றும் முன்பே அமைக்க வேண்டும், மாறிச் செய்தால் உள்ளுறுப்பு சேதமாகும். பழைய ஆடியை விரலால் துடைத்தால் வெள்ளிப்பூச்சு உரியும். இவை பணிமேசையில் வாய்வழி நிற்கும் செய்திகள். பேசுவோர் அற்றுப்போய் அகராதியில் மட்டும் எஞ்சிய மொழியைக் காப்பாற்றிவிட்டதாக எந்த மொழியியலாளரும் மார்தட்டுவதில்லை. அதே துணிவு கேமரா அலமாரியின்முன் மட்டும் எங்கிருந்து வருகிறது?

துறைகள் செய்யத்தக்கவை கடினமானவை அல்ல. அலமாரியைத் திறந்து, கேமராவைத் தோலுறையிலிருந்து வெளியே எடுக்க வேண்டும். தேர்ந்த கைவினைஞரிடம் கொடுத்துச் செப்பனிட வேண்டும். அவருக்கு உரிய கூலியுடன் ஒருநாள் வகுப்பெடுக்கும் மதிப்பையும் அளிக்க வேண்டும். ஒளிப்பட வரலாற்றில் ஆய்வு செய்யும் ஒவ்வொரு மாணவரும் ஒரு சுருளையேனும் தம் கையால் ஏற்றி, படமெடுத்து, கழுவிய பின்னரே பார்வையைப் பற்றிய தம் இயலை எழுதத் தொடங்க வேண்டும். அலமாரியின் சாவி துறைத் தலைவரின் மேசையிலேயே இருக்கிறது. அடுத்த மழைக்காலத்துக்கு முன் அதைத் திறக்கலாம்.