பட்டியலில் காணாமற் போன ஸ்கந்தபுரத்தார்

சில மாதங்களுக்கு முன் ரொறன்ரோவிலிருந்து ஓர் இளைஞர் தொலைபேசியில் அழைத்தார். ஸ்கந்தபுரத்தில் இடப்பெயர்வுக் காலத்தில் பிறந்த பிள்ளை. இப்போது இணையத்தளங்களுக்கு நிரல் எழுதுவது அவர் தொழில். தொண்ணூறுகளின் பிற்பகுதியில் அவ்வூரில் தஞ்சம் புகுந்து வாழ்ந்தவர்களின் பெயர்களைத் திரட்டி ஒரு நினைவுப் பக்கம் அமைத்துக்கொண்டிருந்தார். அப்பெயர்களிற் கணிசமானவை என் பழைய குறிப்புக் கொப்பிகளிலிருந்து போனவை.

"ஐயா, நான் ஏத்தின பேரைவிடப் பக்கத்திலை வாற பேர் இருபதுக்கு மேலை குறையுது. ஒரு பிழையும் காட்டேல்லை" என்றார்.

இந்தக் கடைசி வாக்கியந்தான் என்னை உறுத்தியது. பத்திரிகையில் நாற்பது ஆண்டு குப்பை கொட்டியவனுக்கு ஒரு விடயம் தெரியும். பிழையென்று கத்துகிற பிழையைத் திருத்திவிடலாம். அமைதியாக இருக்கிற பிழை அச்சேறி, வாசகர் கைக்குப் போய், அதுவே உண்மையாகிவிடும்.

ஓய்வுபெற்றபின் சொந்தமாக ஒரு பக்கம் நடத்தும் ஆசையில் பி.எச்.பி. மொழியைத் தட்டுத்தடுமாறிப் படித்தவன் நான். நிரலை அனுப்பச் சொன்னேன். இரண்டு நாள் பார்த்தபின் காரணம் விளங்கிற்று. தம்பி ஓர் அணியை உருவாக்கி, ஆட்களின் பெயரையே அதன் சாவியாக வைத்திருந்தார்.

கணினி அறியாத வாசகர்களுக்காகச் சற்று விளக்குகிறேன். அணி என்பது பல பெறுமானங்களை ஒரே பெயரின் கீழ் அடுக்கி வைக்கும் பெட்டி. பழைய அச்சுக்கூடத்தில் எழுத்துக் கோப்பவர் முன்னே சரிந்திருக்கும் அறைகள் நிறைந்த மரப்பெட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வோர் அறைக்கும் ஓர் அடையாளம் வேண்டும். வேறு சில மொழிகளில் அந்த அடையாளம் பூச்சியம், ஒன்று, இரண்டு என எண்ணாக மட்டுமே இருக்கும். பி.எச்.பி. தாராள மனதுடையது. எண்ணையும் வைக்கலாம், சொல்லையும் வைக்கலாம். எந்த ஒழுங்கில் இட்டீர்களோ அந்த ஒழுங்கையும் அது நினைவில் வைத்திருக்கும். வசதியான ஏற்பாடுதான். ஆனால் ஒரே சாவியோடு இரண்டாம் முறை வந்தால், முன்பு அந்த அறையில் இருந்ததை வெளியே தள்ளிவிட்டுப் புதியதை வைத்துவிடும். ஒரு சொல் எச்சரிக்கை கிடையாது.

சிவகுமார் என்ற பெயரில் எத்தனை பேர் நம் ஊர்களில்! இரண்டாவது சிவகுமார் வந்ததும் முதலாமவர் மறைந்தார். மூன்றாமவர் வந்ததும் இரண்டாமவர் மறைந்தார். இப்படித்தான் இருபது பேருக்கு மேல் பட்டியலைவிட்டுப் போனார்கள்.

இவ்விடத்தில் எனக்கு அந்நாளைய விதானையார் ஒருவர் நினைவுக்கு வந்தார். 1995 ஒக்டோபர் 30 அன்று வலிகாமம் எழுந்து தென்மராட்சிக்கு நடந்தது. அடுத்த ஆண்டு பெருந்தொகையானோர் கிளாலிக் கடலேரியைக் கடந்து வன்னிக்கு வந்தனர். 1996 செப்ரெம்பரில் கிளிநொச்சி நகரமும் விழ, அந்நகரத்தவரும் மேற்கே அக்கராயன், ஸ்கந்தபுரம் பக்கமாக ஒதுங்கினர். வயலும் குளமும் காடுமாக இருந்த ஒரு குடியேற்றக் கிராமம் சில வாரங்களில் பட்டணமாயிற்று. மரத்துக்கு மரம் ஒரு குடும்பம்.

அந்த நெரிசலில் விதானையார் ஒரு சீ.ஆர். கொப்பியில் நிவாரணப் பெயர்களை எழுதிக்கொண்டிருந்தார். ஒரே பெயர் மறுபடி வந்தால் நிறுத்துவார். "ஆற்றை மோன்?" என்று கேட்பார். தகப்பன் பெயர், சொந்த ஊர், இப்போது எந்த வளவில் எந்த மரத்தடி என்று பக்கத்தில் எழுதுவார். அதற்கு மேலே ஒரு தொடரிலக்கம். அந்த இலக்கந்தான் அவருக்குச் சாவி. பெயர் வெறும் பெறுமானம். கணினியைக் கண்ணாற் காணாத அம்மனிதர் செய்ததை, பட்டம் பெற்ற நம் பிள்ளைகள் செய்யத் தவறுகிறார்கள் என்று சொன்னால் கோபிக்கக்கூடாது.

தம்பி என் சொற்கேட்டு, பெயரை விட்டுக் குடும்ப அட்டை இலக்கத்தைச் சாவியாக்கினார். அங்கும் ஒரு பொறி. "12" என்ற எழுத்துச் சரத்தைச் சாவியாகக் கொடுத்தால் பி.எச்.பி. தானாகவே அதை எண்ணாக மாற்றிக்கொள்ளும். "012" என்று கொடுத்தால் மாற்றாது, சரமாகவே விட்டுவிடும். பாதி அட்டைகள் எண்களாகவும் பாதி சொற்களாகவும் ஆயின. பின்னர் இரண்டு பட்டியல்களை இணைப்புக் கட்டளையால் ஒன்றாக்கியபோது, எண் சாவிகள் எல்லாம் பூச்சியத்திலிருந்து புதிதாக இலக்கமிடப்பட்டன. அட்டை இலக்கங்கள் தொலைந்தன. கையேட்டைப் படித்தால் இவையெல்லாம் அதில் எழுதியிருக்கிறது. யார் கையேடு படிக்கிறார்கள்? சரி, அது வேறு கதை.

இனி ஊரின் பெயருக்கு வருகிறேன். ஸ்கந்தபுரம் என்ற சொல்லில் எத்தனை எழுத்து? ஸ், க, ந், த, பு, ர, ம். ஏழு. ஒருங்குறி முறையில் புள்ளியும் உகரக் குறியும் தனித்தனிக் குறிகளாதலால் அது பதினொன்று. ஒவ்வொரு குறியும் மூன்று பைற் இடம் பிடிப்பதால் மொத்தம் முப்பத்து மூன்று. பி.எச்.பி.யின் சாதாரண நீளம் அளக்கும் கட்டளையைக் கேட்டால் கூசாமல் 33 என்னும்.

இதனால் என்ன கேடு என்று கேட்கலாம். தம்பி முதலெழுத்துவாரியாகப் பெயர்களைப் பிரிக்க முயன்றார். சரத்தின் முதல் உறுப்பை எடுத்தார். அது எழுத்தல்ல, முதற் பைற். தமிழ்ச் சொல் எதை எடுத்தாலும் முதற் பைற் ஒன்றே, 224. ஆகவே அருளம்பலமும் கந்தசாமியும் வள்ளிப்பிள்ளையும் ஒரே தலைப்பின் கீழ் வந்து குவிந்தார்கள். தலைப்பாக ஒரு கறுத்த சாய்சதுரமும் அதனுள் ஒரு கேள்விக்குறியும் நின்றன.

அகரவரிசை இன்னும் மோசம். அணியை வரிசைப்படுத்தும் சாதாரணக் கட்டளை பைற்றுகளை ஒப்பிடும், எழுத்துகளை அல்ல. அதன் கையில் வன்னியின் நான்கு ஊர்களைக் கொடுத்துப் பாருங்கள். முறிகண்டி, முல்லைத்தீவு, முள்ளியவளை, முழங்காவில் என்று வரும். நாம் பள்ளியில் படித்தது ய, ர, ல, வ, ழ, ள, ற, ன. அதன்படி முல்லைத்தீவு, முழங்காவில், முள்ளியவளை, முறிகண்டி என்றுதான் வரவேண்டும். முறிகண்டிப் பிள்ளையாரை முதலில் கும்பிட்டுவிட்டுத்தான் ஏ-9 பாதையில் வாகனங்கள் மேற்செல்லும் என்பது உண்மையே. ஆனால் அகரவரிசையில் அவருக்கு அந்தச் சலுகை இல்லை.

இதற்கு மூலம் இந்தியாவின் இஸ்கி என்ற குறியீட்டுத் தரம். இந்திய மொழிகள் எல்லாவற்றுக்கும் ஒரே அச்சில் இடம் ஒதுக்கியபோது, தமிழின் ற, ழ, ன ஆகியவற்றை ர, ள, ந ஆகியவற்றின் பக்கத்தில் செருகினார்கள். 1988ஆம் ஆண்டின் அந்த அமைப்பையே ஒருங்குறியும் பின்பற்றியது. அதைக் குறைசொல்லி எழுதாத தமிழன் இல்லை. நானும் எழுதியிருக்கிறேன். இப்போது என் கருத்து சற்று மாறியிருக்கிறது. குறியிலக்கத்தின் ஒழுங்கு வேறு, அகரவரிசை வேறு என்பதை ஒருங்குறிக்காரர் தெளிவாகவே சொல்லியிருக்கிறார்கள். வரிசைப்படுத்தத் தனி விதிகளும் தந்திருக்கிறார்கள். பி.எச்.பி.யின் 5.3ஆம் பதிப்பு 2009இல் வந்தபோதே, அவ்விதிகளை அறிந்த கொலேற்றர் என்ற கருவி அதனுடன் சேர்ந்து வந்தது. "தமிழ்" என்று அதனிடம் சொல்லிவிட்டு அணியைக் கொடுத்தால் அகராதி ஒழுங்கில் அடுக்கித் தரும். எழுத்தை எழுத்தாகவே எண்ணும் கட்டளையும் அதே பொதியில் உண்டு. அதைக் கேட்டால் ஸ்கந்தபுரம் ஏழெழுத்து என்று ஒப்புக்கொள்கிறது. ஒரு சொல்லை எழுத்தெழுத்தாகப் பிரித்து அணியாக்கும் கட்டளைதான் மிகத் தாமதமாக, 2024 நவம்பரில் வந்த 8.4ஆம் பதிப்பில் கிடைத்தது.

நியாயமாகச் சொன்னால் அம்மொழிக்காரர் முயலாமல் இல்லை. 1994இல், நம் சனம் நடந்ததற்கு முந்தைய ஆண்டில், ராஸ்மஸ் லெர்டோர்ஃப் என்பவர் தன் சொந்தப் பக்கத்துக்கு யார் வந்து போகிறார்கள் என்று அறியச் செய்த சிறு கருவியாகத் தொடங்கியது அது. உலக எழுத்துகள் எல்லாவற்றையும் உள்ளூர அறிந்த ஆறாம் பதிப்பொன்றைச் செய்யப் பல ஆண்டு பாடுபட்டு, முடியாமல் 2010இல் கைவிட்டார்கள். ஐந்துக்குப் பிறகு ஏழாம் பதிப்பு வந்தது அதனால்தான். ஆகவே கருவிகள் துணைப்பொதியாகவே நிற்கின்றன. மலிவான வழங்கிகள் சிலவற்றில் அப்பொதியை நிறுவியே இருக்கமாட்டார்கள். கேட்டுப் பெற வேண்டும். கேட்பதற்கு, அப்படி ஒன்று உண்டென்று முதலில் தெரிய வேண்டும்.

நம் வீட்டுக் குப்பையும் இருக்கிறது. இலங்கையில் நாங்கள் எல்லோரும் பாமினி எழுத்துருவில் தட்டெழுதியவர்கள். அதில் "அ" என்பது உள்ளே ஆங்கிலத்தின் "எம்", "க" என்பது "எஃப்". அந்தப் பட்டியலை வரிசைப்படுத்தினால் ககரத்துக்குப் பின்னேதான் அகரம் வரும்! அதை ஒருங்குறிக்கு மாற்றியபோது இன்னொரு வினை சேர்ந்தது. ர் என்ற எழுத்துக்கு நம்மவர் கால் போட்டு அதன்மேல் புள்ளி வைத்துத் தட்டினார்கள். கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது. மாற்றி அதை அப்படியே காலும் புள்ளியுமாக மாற்றியது. இன்றைக்கும் நம்மூர் அலுவலக ஆவணங்களில் "அதிகாரி" என்று தேடினால் அகப்படாமல் ஒளிந்திருக்கும் அதிகாரிகள் ஏராளம். தம்பியின் பட்டியலில் சிவகுமார் ஒருவரே இரண்டு உருவில் இருந்தார். ஒருவர் ரகரத்தோடு, மற்றவர் காலோடு. கிளிநொச்சிக்கும் அதே கதி. அதிலுள்ள நொ என்ற எழுத்தின் ஒகரக் குறியை ஒற்றைக் குறியாகவும் எழுதலாம், கொம்பும் காலுமாகப் பிரித்தும் எழுதலாம். முன்னதில் முப்பது பைற், பின்னதில் முப்பத்து மூன்று. திரையில் ஒன்றேபோல் தோன்றும். அணிக்கு அவை இரண்டு ஊர்கள். கொம்பையும் காலையும் இணைத்துச் சீராக்கும் கருவி அதே துணைப்பொதியில் உண்டு. ரகரச் சிக்கலுக்கு அது உதவாது. கையால் மாற்றுவிதி எழுதியே தீரவேண்டும்.

"பேசாமல் ஆங்கிலத்தில் எழுதிவிடலாமே" என்று என் நண்பர் ஒருவர் சொல்வார். ஆங்கிலத்தில் எழுதினால் ஒரு சிவகுமார் ஐந்து விதமாக எழுதப்படுவார். அடையாள அட்டையில் ஒன்று, பிறப்புச் சான்றிதழில் வேறொன்று. 2017 பெப்ரவரி 20 அன்று கிளிநொச்சிக் கந்தசுவாமி கோயிலின் முன் காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவுகள் தொடர் போராட்டம் தொடங்கினார்கள். அத்தாய்மார் முதலில் கேட்டவற்றுள் ஒன்று பெயர்ப் பட்டியல். நம் சனத்துக்குப் பட்டியல் என்பது பங்கீட்டு அரிசி. பட்டியல் என்பது முகாமின் வாசல். பட்டியல் என்பது, ஆள் ஒருவர் இருந்தார் என்பதற்கு மிஞ்சிய ஒரே சாட்சி. அதைத் தமிழில் ஆக்குபவர், எழுத்தொழுங்கும் சாவியும் தன் வேலையல்ல என்று மொழியின்மீது பழிபோட்டு நகரமுடியாது என்பது என் உறுதியான எண்ணம்.

ஸ்கந்தபுரத்தை எங்கே வைப்பது என்று தம்பிக்கும் எனக்கும் ஒரு பிணக்கு வந்தது. கிரந்த எழுத்துகள் னகரத்துக்கும் பின்னே வருவதால், விதிப்படி ஊர் வவுனியாவையும் தாண்டிப் பட்டியலின் கடைசியில் விழுகிறது. வடவெழுத்தை நீக்கி எழுதச் சொன்ன தொல்காப்பியர் வழியில் கந்தபுரம் என்றெழுதினால் ககரத்தில், கண்டாவளைக்குச் சற்றுப் பின்னே வரும். ஊரவர் பலர் அங்கேதான் தேடுவார்கள். தம்பி கடைசியில் வைப்பதே சரி என்றார். நான் இரண்டையும் வைத்து ஒன்றை மற்றதற்குச் சுட்டச் சொன்னேன். அணியில் அதற்கு ஒரு வரி போதும். ஒருவாறு இணங்கினார்.

இப்போது மறைந்தவர்கள் பெரும்பாலும் திரும்பிவிட்டார்கள். தம்பி ஒரே பெயருள்ளவர்களைப் பிரித்தறிய, விதானையாரின் முறைப்படி தகப்பன் பெயரும் சொந்த ஊரும் சேர்த்துக்கொண்டிருக்கிறார். இரண்டு பேருக்கு மட்டும் தகப்பன் பெயர் கிடைக்கவில்லை. என் கொப்பியில் அவர்களுக்கு எதிரே "குளக்கட்டு, பாலை மரத்தடி" என்று மட்டுமே இருக்கிறது. 1997இல் ஸ்கந்தபுரத்தில் அக்குளக்கட்டுப் பக்கம் இருந்தவர்கள் யாரேனும் இதை வாசித்தால் எனக்கு எழுதுங்கள்.